எண்ணெய் நிறம் மாறினால் கெட்டுவிட்டதா? நாய்க்கும் மாட்டுக்கும் தடவும் எண்ணெய்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"அக்கா, இது போன தடவை கொடுத்த எண்ணெய் இல்லையே."

சனிக்கிழமை காலை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் தம்பி ஒருவர் துணிப்பையிலிருந்து புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் வீட்டு நாய்க்கு முழங்கைத் தோல் வெடித்து, முடி கொட்டிக் கிடந்தது. அதற்காகப் போன மாதம் வாங்கிய எண்ணெய் தண்ணீர் மாதிரி இருந்ததாம். இது தேன் மாதிரி இருக்கிறது, மணமும் வேறு. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டேனோ என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, முகம் கேட்டது.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் தேங்காயெண்ணெய் காய்ச்சி விற்கிறேன். இந்தியாவிலிருந்து வரும் வேப்பெண்ணெயை டின்னாக வாங்கிச் சின்னப் புட்டிகளில் அடைத்தும் கொடுக்கிறேன். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தலைக்கு, மீதிப் பேர் நாய்க்கும் மாட்டுக்கும். தலைக்கு வாங்குகிறவர்கள் நிறத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை. நாய் வளர்ப்பவர்கள்தான் கேட்கிறார்கள், அதுவும் நல்லதுதான். நாய்க்கு வாய் இல்லை, அதற்காக நாம் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். நிறம் பெரும்பாலும் எண்ணெய் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லும். இன்றைக்கு அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மணம் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல எண்ணெய் குப்பைக்குப் போகிறது, கெட்ட எண்ணெய் நாயின் முதுகுக்குப் போகிறது.

முதல் படி: வெள்ளைத் தட்டு

புட்டியோடு தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது எல்லாரும் செய்வது. அதில் ஒன்றும் தெரியாது. பழுப்புப் புட்டியில் எல்லா எண்ணெயும் பழுப்பு. கண்ணாடிப் புட்டியிலும் ஒரு சின்னப் புட்டி வெளிறித் தெரியும், அதே எண்ணெய் பெரிய புட்டியில் அடர்ந்து தெரியும். எண்ணெயின் கனம் கூடக் கூட நிறமும் கூடும்.

ஒரே மாதிரி இரண்டு வெள்ளைத் தட்டுகள் எடுங்கள். காப்பி குடிக்கும் கோப்பையின் அடித்தட்டு போதும். ஒன்றில் பழைய எண்ணெய் ஒரு தேக்கரண்டி, மற்றதில் புது எண்ணெய் ஒரு தேக்கரண்டி. வாசலில், வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். குழல் விளக்கின் கீழே பார்த்தால் மஞ்சள் பச்சையாகத் தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். பழைய எண்ணெய் மிச்சம் இல்லையா? சரி, பரவாயில்லை, இனிமேல் ஒவ்வொரு முறையும் இரண்டு கரண்டி எடுத்துச் சின்னப் புட்டியில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். நிறம் தட்டு முழுவதும் ஒரே சீராக இருக்கிறதா, அடியில் துகள் தங்குகிறதா, கலங்கலாக இருக்கிறதா. துகள் தங்கினால் பெரும்பாலும் வடிகட்டியது சரியில்லை. கலங்கல்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும், காரணம் அது தண்ணீராகவும் இருக்கலாம். இளஞ்சூட்டில் வைத்தால் கலங்கல் தெளிகிறதா பாருங்கள். தெளிந்தால் அது உறைந்த கொழுப்பு. தெளியாமல் அடியில் முத்து முத்தாக நின்றால் தண்ணீர்.

இரண்டாம் படி: மூக்கு

புட்டியின் வாயில் மூக்கை வைத்து முகர்வதும் தப்பு. மூடியின் புரியில் ஒட்டியிருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில்தான் காற்று அதிகம் படுகிறது, அதுதான் முதலில் கெடும். உள்ளே இருப்பது நன்றாக இருந்தாலும் வாயில் சிக்கு வாடை அடிக்கும். புட்டி வாயைத் துணியால் துடையுங்கள். இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் சேர்த்துப் பரபரவென்று தேயுங்கள். உடனே ஒரு முறை முகருங்கள், கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. முதலில் மேலே பறந்துவிடும் மணங்கள் வரும். அப்புறம் நிற்பதுதான் எண்ணெயின் சொந்த மணம். கையில் சோப்பு வாசனை இருந்தால் இந்தச் சோதனை வீண்.

இப்போது ஒவ்வொரு எண்ணெயாகப் பார்ப்போம்.

தேங்காயெண்ணெய்

எங்கள் பாகான் டத்தோ மாவட்டத்தில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து பாதி நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகும் இங்கே தென்னந்தோப்புகள் இருக்கின்றன. ஆனால் தேங்காய் எல்லாம் ஒரே தேங்காய் இல்லை. உயரமான நாட்டு மரத்துக் காய் ஒரு ரகம், மாவா, மாத்தாக் போன்ற ஒட்டு ரகங்கள் வேறு, பண்டான் தென்னையின் மணம் அதற்கே உரியது. காய் எவ்வளவு முற்றியது, உள்ளே பூ விட்டதா என்பதைப் பொறுத்தும் மணம் மாறும்.

ரகத்தை விட என் அடுப்புதான் நிறத்தை அதிகம் மாற்றுகிறது. பன்னிரண்டு, பதினைந்து காய் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிழிந்து, பாலை இரவு முழுக்க வைத்தால் மேலே ஆடை கட்டும். அதை எடுத்துச் சிறு தீயில் காய்ச்சினால் தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிந்து, பாலின் சக்கை துகள் துகளாக அடியில் உட்காரும். அந்தச் சக்கையில் புரதமும் சர்க்கரையும் இருக்கின்றன. சூடு ஏறும்போது அவை சிவக்கும், ரொட்டி சுடும்போது மேல்தோல் சிவக்கிறதே, அதே வேலைதான். சக்கை பொன்னிறமாகும்போது இறக்கினால் எண்ணெய் வெளிர் மஞ்சள், நல்ல பால்மணம். கைப்பேசியில் யாரோ அழைத்து ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்தால் எண்ணெய் தேன் நிறம், வறுத்த தேங்காய் மணம். அந்தத் தம்பியின் புட்டிக்கு இதுதான் கதை. கெட்டுப்போகவில்லை, என் பேச்சு நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

இன்னும் சில காரணங்கள் உண்டு. பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலைச் சீவாமல் துருவினால் எண்ணெயில் மஞ்சள் ஏறும். காய்ச்சாமல், புளிக்க வைத்துப் பிரித்தெடுத்தால் எண்ணெய் தெளிந்த தண்ணீர் போல இருக்கும், ஆனால் லேசான புளிப்பு வாடை வரும். அந்தப் புளிப்பு தயிர் அளவில் இருந்தால் சரி. ஊசிய சோறு போல அடித்தால் வேண்டாம்.

கொப்பரை எண்ணெய் வேறு ஜாதி. வெயிலில் காய்ந்த கொப்பரையிலிருந்து வருவது வெளிறியிருக்கும். மழைக்காலத்தில் மட்டையையும் சிரட்டையையும் எரித்துச் சூளையில் வாட்டிய கொப்பரை என்றால் எண்ணெயில் புகை மணமும் பழுப்பும் இருக்கும். இது இயற்கையான மாறுபாடுதான், ஆனால் நாய்க்கு அந்தப் புகை எண்ணெயை நான் கொடுப்பதில்லை. புகையில் இருக்கும் வேண்டாத பொருள்கள் கொப்பரையில் படிந்து எண்ணெய்க்கும் வரும், நாயோ தடவியதை நக்கும். பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சை பிடித்த கொப்பரை என்றால் பேச்சே இல்லை. அதில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருக்க வாய்ப்புண்டு. அது ஈரலைத் தாக்கும், நாய்கள் அதற்குச் சீக்கிரம் பலியாகும்.

தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசில் உறையும். நம் ஊர்ச் சூட்டில் உறையவே உறையாது என்பதால், குளிர்சாதன அறையில் வைத்த புட்டி வெள்ளையாகக் கட்டி தட்டினால் சிலர் பயந்துபோகிறார்கள். கேமரன் மலையில் இருக்கும் என் நாத்தனார் புட்டியைப் படம் எடுத்தே அனுப்பினாள், "அண்ணி, மெழுகு கலந்துட்டாங்களா?" என்று. வெந்நீரில் வைத்தால் இளகிவிடும்.

வேப்பெண்ணெய்

மாரியம்மன் கோயில் வாசலில் வேப்பமரம் நிற்கிறது என்றாலும் நம் மழைக்கு அது கொட்டிக் காய்ப்பதில்லை. எனக்கு வருகிற எண்ணெய் எல்லாம் தமிழ்நாட்டுச் சரக்கு. அங்கே பங்குனி, சித்திரையில் பூத்து, ஆனி, ஆடியில் பழம் உதிரும். கீழே விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் காய வைத்த கொட்டையிலிருந்து எடுத்தால் எண்ணெய் பொன் மஞ்சள் அல்லது பச்சை கலந்த பழுப்பு. மழையில் நனைந்து மண்ணோடு கிடந்த கொட்டை என்றால் அடர்பழுப்பு, செம்பழுப்பு. ஓட்டோடு ஆட்டினால் இன்னும் கறுப்பு. உள் பருப்பை மட்டும் எடுத்துக் குளிர்ந்த முறையில் பிழிந்தால் வெளிறும். வருடத்துக்கு வருடம், டின்னுக்கு டின் நிறம் மாறுவது இதனால்தான்.

மணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பூண்டையும் பழைய நிலக்கடலையையும் சேர்த்து வைத்த மாதிரி இருக்கும். அது கந்தகம் கலந்த பொருள்களின் வேலை. மணம் ஒரு டின்னில் பூண்டுப் பக்கம் சாயும், இன்னொன்றில் கடலைப் பக்கம் சாயும். இரண்டும் சரி. மணமே இல்லை என்றால்தான் சந்தேகப்படுவேன். ஒன்று, நன்றாகச் சுத்திகரித்து, கசப்புச் சத்தைப் பிரித்தெடுத்த எண்ணெயாக இருக்கும். அல்லது, வேறு மலிவான எண்ணெயில் கொஞ்சம் வேம்பு கலந்ததாக இருக்கும். பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் என்ற பொருளை 1968ல் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது வெயிலிலும் சூட்டிலும் சீக்கிரம் சிதையும். எண்ணெய் எவ்வளவு கறுப்பு என்பதை வைத்து அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லவே முடியாது. "கறுப்பா இருந்தா பவர் ஜாஸ்தி" என்று சந்தையில் சொல்பவரை நம்பாதீர்கள்.

வேப்பெண்ணெயும் குளிரில் கெட்டியாகும், வெண்ணெய் போல. இளஞ்சூட்டு நீரில் வைத்துக் கரைக்க வேண்டும், அடுப்பில் நேராக வைக்கக் கூடாது.

இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை. வேப்பெண்ணெயை நாய்க்கோ பூனைக்கோ கன்றுக்கோ வாயில் ஊற்றாதீர்கள். "பாட்டி காலத்துல பிள்ளைங்களுக்கே கொடுத்தாங்க" என்பார்கள். கொடுத்தார்கள்தான். அதனால் என்ன நடந்தது என்பது நம் நாட்டிலேயே பதிவாகியிருக்கிறது. வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி எடுத்து, மயங்கி, மூளை பாதித்த நிலைக்குப் போனதைக் கோலாலம்பூர் மருத்துவர்கள் 1981ல் லான்செட் இதழில் எழுதினார்கள். நிறமும் மணமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த விதி மாறாது.

வெளிநாட்டு ஹெம்ப் எண்ணெய்

இதைப் பற்றி இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகள் தன் நாய்க்கு மூட்டுவலிக்குக் கொடுக்கிறாள், போன புட்டி பச்சை, இந்தப் புட்டி பொன் நிறம், ஏன் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார் ஒரு அத்தை. காரணத்தைச் சொல்கிறேன், கூடவே நம் ஊர்ச் சட்டத்தையும் சொல்கிறேன்.

ஹெம்ப் என்பது கஞ்சாச் செடிதான், போதைச் சத்தான டிஎச்சி மிகக் குறைவாக உள்ள வகை. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி காய்ந்த எடையில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் அது இருக்கக் கூடாது. இதில் இரண்டு வகை எண்ணெய் உண்டு, ஆள்கள் குழப்பிக்கொள்வதும் இங்கேதான். விதையை ஆட்டி எடுப்பது விதை எண்ணெய். இலைப்பச்சை கலந்திருப்பதால் பச்சை நிறம், கொட்டைப் பருப்பு மணம். பூவிலிருந்தும் இலையிலிருந்தும் சாற்றைப் பிரித்து, வேறு எண்ணெயில் கரைப்பது இன்னொன்று. சிபிடி என்று சொல்லும், போதை தராத கஞ்சாச் சத்து இந்தச் சாற்றில்தான் இருக்கும்.

சாற்றின் நிறத்தைப் பிரித்தெடுக்கும் முறை தீர்மானிக்கிறது. சாராயத்தில் ஊற வைத்தால் இலைப்பச்சையும் சேர்ந்து வந்து கரும்பச்சையாகும். அழுத்தம் கொடுத்த கரியமில வாயுவால் பிரித்தால் பொன் நிறம் முதல் தேன் நிறம் வரை. குளிர வைத்து மெழுகை நீக்கினால் தெளியும், மீண்டும் வடித்தால் வெளிர் மஞ்சள். சிபிடியை மட்டும் தனியே எடுத்தால் வெள்ளைப் பொடி, அதைக் கரைத்த எண்ணெய்க்கு நிறமே இருக்காது. பிறகு, கரைக்கும் எண்ணெய் தன் பங்குக்கு நிறம் சேர்க்கும். தேங்காயிலிருந்து பிரித்த லேசான எண்ணெய் என்றால் நிறம் சேராது, ஆலிவ் எண்ணெய் பச்சை மஞ்சள், சால்மன் மீன் எண்ணெய் என்றால் நாய்க்குப் பிடித்த மீன் வாடை.

மணம் டெர்ப்பீன் என்ற எளிதில் ஆவியாகும் பொருள்களால் வருவது. நமக்குப் புதிதில்லை. மாம்பழத்தில் இருக்கும் மைர்சீன், எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன், மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் கேரியோஃபிலீன் எல்லாம் அந்தப் பூவிலும் இருக்கின்றன. விதை, மண், மழை, அறுவடை செய்த வாரம், காய வைத்த சூடு இவற்றில் ஒன்று மாறினாலும் அவற்றின் விகிதம் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு புட்டிகள் இரண்டு மணம் அடிப்பது அதனால்தான். மெதுவாகக் கருமை ஏறினாலோ, சில வேளை ரோஸ் சாயல் தட்டினாலோ காற்றும் வெளிச்சமும் வேலை செய்திருக்கின்றன என்று அர்த்தம். விதை எண்ணெயில் கரைத்தது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

ஆனால் நிறமோ மணமோ அதில் டிஎச்சி எவ்வளவு என்று சொல்லாது. நாய்க்கு டிஎச்சி ஆகாது. தள்ளாடும், தூங்கி வழியும், நின்ற இடத்திலேயே சிறுநீர் சொட்டும். அதனால் அந்தப் பெண் பார்க்க வேண்டியது புட்டியில் அச்சிட்ட தொகுதி எண்ணையும், அதே எண்ணுக்கு உரிய ஆய்வுக்கூடச் சான்றையும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எந்தச் சிபிடி பொருளையும் பிராணிகளுக்கென்று அனுமதித்ததில்லை என்பதையும் தெரிந்துகொண்டு, கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பதே முறை.

இங்கே? வேண்டவே வேண்டாம். ஹெம்ப் வேறு, கஞ்சா வேறு என்ற பேச்சு நம் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்திடம் செல்லாது. 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிக்கும் சட்டம் அது. 2023ல் கட்டாய மரண தண்டனையை நீக்கினார்கள், ஆனாலும் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்க நீதிபதிக்கு இன்னும் இடமுண்டு. "சின்னப் புட்டிதானே, பார்சல்ல போட்டு விடுறேன் அத்தை" என்று அங்கிருந்து யாராவது அன்பாகச் சொன்னால், அன்பை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது

இரண்டு விதமாக எண்ணெய் கெடும். ஒன்று தண்ணீரால், இன்னொன்று காற்றால்.

தண்ணீரால் கெடுவதைச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வெட்டிய குலை பாதையோரம் இரண்டு மூன்று நாள் கிடந்தால் ஆலைக்காரர் முகம் சுளிப்பார். பழத்துக்குள்ளேயே இருக்கும் நொதி கொழுப்பை உடைத்து, கொழுப்பு அமிலத்தைத் தனியே பிரித்துவிடும். கச்சாச் செம்பனை எண்ணெய் விற்பனையில் அந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். தேங்காயெண்ணெயில் தண்ணீர் கலந்து நாளானால் இதே உடைப்பு நடக்கும். தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அது தனியே பிரிந்தால் சவுக்கார வாடை அடிக்கும்.

இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. ஒரு தீபாவளிக்கு முந்திய மழை மாதத்தில் பதினான்கு புட்டி கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வெளியே காய்ந்த மாதிரி இருந்தது, உள்ளே மூலையில் ஈரம் இருந்திருக்கிறது. அவசரத்தில் ஊற்றி மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் துணி துவைக்கும் பார் சவுக்காரத்தைச் சீவி வைத்த மாதிரி வாடை. நிறத்தைக் கேட்டால், பளிங்கு! அவ்வளவு அழகான நிறத்தில் நான் எண்ணெய் காய்ச்சியதே இல்லை. எங்கள் நாய் டைகர் என் உள்ளங்கையை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, எழுந்து போய் வாசற்படியில் படுத்துக்கொண்டது. பதினான்கு புட்டியும் போயிற்று. அன்றிலிருந்து புட்டிகளைக் கழுவி, ஒரு முழு நாள் வெயில் காட்டி, உள்ளே விரல் நுழையாத இடத்தில் துணி சுற்றிய குச்சியை விட்டுப் பார்த்த பிறகுதான் எண்ணெய்.

காற்றால் கெட்டால் வாடை வேறு மாதிரி. பழைய கச்சான் கடலைப் பொட்டலம், பெயின்ட் டப்பா, மெழுகுக் கலர்ப் பென்சில் இவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டையில் ஒரு காறல் இருக்கும். தேங்காயெண்ணெயில் சுமார் 90 விழுக்காடு கெட்டிக் கொழுப்பு என்பதால் அது காற்றைத் தாங்கும். ஹெம்ப் விதை எண்ணெய், மீன் எண்ணெய் போன்றவை தாங்காது. செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் எண்ணெயை வைத்தால் இந்தக் கெடுதல் வேகமாகும், பரம்பரைப் பித்தளைச் சொம்பாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. இன்னொன்று: மிச்சம் இருக்கும் பழைய எண்ணெயின் மேலேயே புது எண்ணெயை ஊற்றி நிரப்பாதீர்கள். பழையதில் தொடங்கிய கேடு புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான்.

வேப்பெண்ணெயில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏற்கெனவே அதன் மணம் அப்படி. அதற்குத்தான் தேதி போட்ட மாதிரிப் புட்டி. ஒப்பிட்டு முகர்ந்தால் பூண்டுக்குப் பின்னால் பெயின்ட் வாடை ஏறியிருக்கிறதா என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால், திறந்து ஒரு வருடம் ஆனதைப் பிராணிக்குப் போட வேண்டாம்.

பிராணியின் மேல் தடவும்போது

நிறமும் மணமும் சரி என்றாலும், புதுத் தொகுதி புட்டி என்றால் முதலில் சின்ன இடத்தில் போட்டுப் பாருங்கள். நாயின் தொடை உட்புறத்தில், முடி குறைந்த இடத்தில், ஐந்து காசு அளவுக்கு. ஒரு நாள் பொறுங்கள். சிவக்கவில்லை, நாய் அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கவில்லை என்றால் மேற்கொண்டு போகலாம்.

வேப்பெண்ணெயைத் தனியாகத் தடவாதீர்கள். ஒரு கரண்டி வேப்பெண்ணெய்க்குப் பத்துக் கரண்டி தேங்காயெண்ணெய். அடர்நிற எண்ணெய் வந்திருக்கிறதே, குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். நிறத்தைப் பார்த்து அளவை மாற்றவே கூடாது, காரணம் மேலே சொல்லிவிட்டேன். தடவிய பிறகு அரை மணி நேரம் நாயைக் கயிற்றில் பிடித்துத் தோட்டப் பாதையில் நடக்க விட்டால் நக்க நேரம் இருக்காது. அப்புறம் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். திறந்த புண், கண், காதுக்குள் வேண்டாம். குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் வேண்டாம். பூனைக்கு மருத்துவர் சொல்லாமல் வேண்டாம், அது உடம்பு முழுக்க நக்கிச் சுத்தம் செய்யும் ஜீவன், தடவியது எல்லாம் வயிற்றுக்குத்தான்.

தேங்காயெண்ணெயை நக்கினால் நஞ்சில்லை. ஆனால் நிறைய நக்கினால் கழியும், கொழுப்பு ஒத்துக்கொள்ளாத நாய்க்குக் கணையம் வீங்கும்.

மாட்டுக்குத் தடவுகிறவர்கள் மடிக்காம்பில் வேப்பெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் கறக்கும் முன் வெந்நீரில் துடையுங்கள், இல்லாவிட்டால் பாலில் அந்த வாடை ஏறி, வாங்குகிறவர் மறுநாள் வரமாட்டார். புண்ணில் புழு நெளிந்தால் எண்ணெய் எதுவானாலும் காத்திருக்காதீர்கள், கால்நடை மருத்துவச் சேவைத் துறை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

உண்ணிக்கு வேப்பெண்ணெய் ஓரளவு உதவும், முழு மருந்து ஆகாது. நம் ஊரின் பழுப்பு நாயுண்ணி எர்லிச்சியா, பபீசியா நோய்களைப் பரப்பும். ஈறு வெளுத்து, சோறு எடுக்காமல், மூக்கில் ரத்தம் வந்தால் அன்றைக்கே மருத்துவர். அந்த நேரத்தில் புட்டியில் இருப்பது என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

சீட்டு ஒட்டுவது

புட்டியில் நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன எண்ணெய், வாங்கிய அல்லது காய்ச்சிய தேதி, திறந்த தேதி, முதல் நாள் பார்த்த நிறமும் மணமும் உங்கள் வார்த்தையில். "வெளிர் மஞ்சள், பால் மணம்" என்று எழுதினால் போதும். என் சீட்டு ஒன்றில் "கறுப்பட்டி நிறம், வறுவல், போன் வந்தது" என்று இருக்கும். ஆறு மாதம் கழித்து நினைவு ஏமாற்றும், சீட்டு ஏமாற்றாது. பழுப்புப் புட்டி, நிழல், இறுக்கமான மூடி. அடுப்பு மேடைக்கு மேலே இருக்கும் அலமாரி வேண்டாம், அங்கேதான் வீட்டிலேயே அதிகச் சூடு.

கெட்டுப்போன எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், கால்வாய் அடைத்துக்கொள்ளும். வேப்பெண்ணெய் மீன் தொட்டிக்கும் குளத்துக்கும் போகவே கூடாது. நான் கெட்ட தேங்காயெண்ணெயை வாசல் கதவின் கீலுக்கும், மாமனார் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய பழைய கத்திக்கும் பூசுகிறேன். அந்தப் பதினான்கு புட்டியில் இன்னும் மூன்று அதற்காகவே கொல்லையில் இருக்கின்றன, மேலே பெரிதாக "கத்திக்கு மட்டும்" என்று எழுதி.